அப்பா திறந்துவிட்ட ஆறு

ஏழாம் வகுப்பு படிக்கிற வரைக்கும் பரவனாறு என் அப்பாவுக்குச் சொந்தம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இதில் என் தப்பு அதிகம் இல்லை. அம்மா பிறந்த ஊரே அப்படித்தான் நம்பியது. அப்பாவும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நெய்வேலி நகரியத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ். அப்பாவுக்குச் சுரங்கத்தில் பம்ப் பிரிவில் வேலை. நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் எப்போதும் மேலே முட்டிக்கொண்டிருக்கும். பகல் இரவு பார்க்காமல் அதை இறைத்து வெளியே தள்ளினால்தான் கரியை வெட்ட முடியும். அப்படித் தள்ளிய தண்ணீர் வீணாகப் போகாது. ஓடையாக ஓடிப் பரவனாற்றில் விழுந்து, வழியில் இருக்கிற ஊர்களின் நெல்லுக்கெல்லாம் பாய்ந்து, மிச்சம் கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போகும். அந்த ஓடையிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலின் கடைமடையில் இருந்தது அம்மாவின் ஊர்.

அப்பாவின் உண்மையான வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஷிப்டில் பம்புகளைச் சுற்றிப் பார்த்து, பிரஷர் எவ்வளவு காட்டுகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். ஏதாவது ஒன்று நின்றுபோனால் மேலே போன் போட்டுச் சொல்ல வேண்டும். தன் இஷ்டத்துக்கு ஒரு பம்பை ஓட்டவோ நிறுத்தவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் பெண் பார்க்கப் போன அன்று, "மாப்பிள்ளைக்கு என்னா வேல?" என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டதற்கு, கூடப் போன ஒருவர், "உங்க வாய்க்காலுக்கு தண்ணி வுடுறாரே, அவருதான்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. அடுத்த ஞாயிறே மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்துவிட்டார்களாம்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு அங்கே ராஜ மரியாதை. பொங்கலுக்குப் போனால், மாதா கோயில் வாசலில் பொங்குகிற பானையிலிருந்து முதல் கரண்டி அவருக்குத்தான். வரப்பில் பார்க்கிறவர்கள், "இந்த வருசம் கொஞ்சம் தாராளமா வுடுங்க மாப்ள" என்பார்கள். அப்பா யோசிக்கிற மாதிரி வானத்தைப் பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்பார். அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்கள் சமூக அறிவியல் மிஸ் ஆற்றுப் படுகையையும் மழைக்காட்டையும் பற்றிப் பாடம் நடத்தினார். அமேசான் படத்தைப் பலகையில் தொங்கவிட்டு, மரங்கள் எப்படி மழையை வரவழைக்கின்றன, மழை எப்படி ஆற்றை நிரப்புகிறது, அந்த ஆற்றை நம்பி எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று அழகாகச் சொன்னார். நம் ஊர் ஆற்றைப் பற்றி எழுதி, அது பிறக்கிற இடத்திலிருந்து கடல் வரைக்கும் படம் வரைந்து கொண்டு வரச் சொன்னார்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இப்படி எழுதினேன்: "அமேசானில் காடு தரைக்கு மேலே இருக்கிறது. எங்கள் ஊரில் காடு மண்ணுக்கு அடியில் நிலக்கரியாக இருக்கிறது. ஆறும் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. இரண்டையும் என் அப்பா மேலே எடுத்துவிடுகிறார்." படத்தில், ஆறு பிறக்கிற இடத்தில் மலைக்குப் பதிலாக ஒரு பம்ப் வரைந்து, அதன் பக்கத்தில் அப்பாவை மீசையோடு நிறுத்தியிருந்தேன்.

மிஸ் சிரித்துவிட்டார். வகுப்பும் சிரித்தது. "ஆறு பம்ப்ல பொறக்காதும்மா. லீவ்ல நல்லா பாத்து, சரியா வரைஞ்சு எடுத்துட்டு வா" என்று அப்பாவின் மேல் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. என் அப்பாவை அழித்துவிட்டு, நான் கண்ணால் பார்க்காத ஒரு மலையை வரையச் சொல்கிறார்களே என்று வழியெல்லாம் சைக்கிள் மணியை ஓங்கி அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அந்த வருடம் மழையும் ஏமாற்றிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வெகுநாள் முன்பே நின்றுவிட்டது. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலை, அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, ஊரிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியை மூன்று பேரும் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்கள்.

"எட்டு நாளா வாய்க்கால்ல சொட்டு தண்ணி இல்ல மாப்ள" என்றார் மாமா. "பயிரு பால் புடிச்சிகினு இருக்குது. இன்னும் மூணு நாள் இப்பிடியே போனா எல்லாம் பதருதான். நாங்க எதுனா தப்பு பண்ணியிருந்தா மனசுல வச்சிக்காதீங்க. போன பொங்கலுக்கு கோழி அடிக்கலன்னு வருத்தமா?"

அப்பாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாமாவுக்கு இருந்தது மூன்று ஏக்கர். அந்த நெல்தான் அவர் வீட்டுக்கு வருடம் முழுக்கச் சோறு. அது அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாக்குறேன்" என்றார் அப்பா. அதைக் கேட்டதும் மூன்று பேரும் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் தெரு முனை தாண்டுகிற வரைக்கும் அம்மா பொறுத்திருந்தாள். "இப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல, ஆறு ஒங்க கையில இல்லன்னு?"

"சொன்னா மட்டும் தண்ணி வந்துடுமா?" என்றார் அப்பா.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். "ஒரு மாச நோட்டையும் பொரட்டிப் பாத்துட்டேன். எல்லா பம்பும் ஓடிட்டுதான் இருக்கு. எப்பவும் போற தண்ணி போய்ட்டுதான் இருக்கு. அப்பறம் எங்கதான் போவுது?"

"ஒங்க ஆறு, நீங்கதான் தேடணும்" என்றாள் அம்மா.

அதற்கு அடுத்த நாள் அப்பாவுக்கு வார விடுப்பு. எனக்கும் பொங்கல் லீவ். விடிந்ததும் சைக்கிளை எடுத்தார். நானும் என் சைக்கிளை எடுத்தேன். வேண்டாம் என்றார். ஆறு பிறக்கிற இடத்திலிருந்து நல்லா பாத்து வரைஞ்சுட்டு வரச் சொல்லி மிஸ் சொல்லியிருக்காங்க என்று நோட்டைத் தூக்கிக் காட்டினேன். படிப்பு என்று சொன்னால் எங்கள் வீட்டில் எதற்கும் மறுப்பு கிடையாது.

சுரங்கத்துத் தண்ணீர் வெளியே வந்து விழுகிற இடத்திலிருந்து கிளம்பினோம். அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மார்கழிக் குளிரில் அதன் மேல் லேசாக ஆவி பறந்துகொண்டிருந்தது. கரையோடு சைக்கிளை மிதித்தோம். முந்திரித் தோப்புகள் வந்தன, பலா மரங்கள் வந்தன, அப்புறம் பச்சைப் பசேல் என்று நெல். ஓரிடத்தில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் ஒருவர் வாத்துக் கூட்டத்தைத் தண்ணீரில் இறக்கிவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். செங்கல் அறுக்கிறவர்கள் குடம் குடமாக மொண்டுபோனார்கள். ஒரு கிழவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை வீசினார். எருமைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தன.

அப்பா அங்கங்கே காலை ஊன்றி நின்றுவிட்டார். பதினெட்டு வருடம் தண்ணீரை அனுப்பியவர், அது எங்கெங்கே போகிறது என்று ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. "இவ்ளோ பேரா?" என்றார் என்னிடம். கொஞ்ச தூரம் போய் மறுபடியும், "இவ்ளோ பேரா?" என்றார். நான் எல்லாரையும் என் படத்தில் வரைந்துகொண்டே வந்தேன். வாத்து மட்டும் சரியாக வரவில்லை.

அம்மாவின் ஊர் வாய்க்கால் ஓடையிலிருந்து பிரிகிற இடத்தில் ஒரு தார் ரோடு குறுக்கே போகிறது. ரோட்டுக்கு அடியில் பெரிய சிமெண்டுக் குழாய் புதைத்து, அதன் வழியாக வாய்க்காலை விட்டிருந்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தப் பக்கம் வாய்க்கால் காய்ந்து, சேறு வெடித்துக் கிடந்தது.

அப்பா சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டுக் குழாய் வாயில் குனிந்து பார்த்தார். உள்ளே முழுக்கக் காட்டாமணக்கு. ஊதாப் பூ பூத்துக்கொண்டு, தண்ணீர் கண்ட இடமெல்லாம் புதராக மண்டுமே, எங்கள் ஊர்ப் பெயரையே சேர்த்து நெய்வேலிக் காட்டாமணக்கு என்பார்களே, அதுதான். எங்கோ கரையில் வெட்டிப்போட்டது மிதந்து வந்து குழாயில் சிக்கி, அதன் மேல் ஆகாயத்தாமரையும் கோணியும் சேறும் சேர்ந்து இறுகிவிட்டது. வழி அடைபட்டதும் தண்ணீர் தன்பாட்டுக்கு ஆற்றுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

ஊர்க்காரர்கள் தங்கள் வயல் முனையில் தண்ணீர் வரவில்லை என்று பார்த்தார்கள். பார்த்ததும் நேரே பஸ் ஏறி மாப்பிள்ளையிடம் வந்துவிட்டார்கள். நடுவில் இருக்கிற வாய்க்காலைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான். எல்லாம் அப்பாவின் மேல் வைத்திருந்த நம்பிக்கையால் வந்த வினை.

அப்பா மாமாவுக்குப் போன் போட்டார். அரைமணி நேரத்தில் அரிவாள், மண்வெட்டி, கடப்பாரையோடு பத்துப் பதினைந்து பேர் வந்து இறங்கினார்கள். மேல்பக்கத்திலிருந்து வெட்டி வெட்டி இழுத்தார்கள். கை எட்டுகிற வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் அசையவில்லை. ஒரு இளவட்டம் பொறுமை இழந்து, காய்ந்துகிடந்த கீழ்ப்பக்கத்தில் குதித்து, கடப்பாரையோடு குழாய்க்குள் தவழ ஆரம்பித்தார்.

"வெளிய வா! மொதல்ல வெளிய வா!"

கத்தியது அப்பாதான். மாமியார் ஊரில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தவழ்ந்தவர் பயந்துபோய்ப் பின்னாலேயே வந்தார்.

"மேல நிக்கிற தண்ணி தள்ளிட்டு இருக்கு. அடைப்பு விட்டுச்சுன்னா உள்ள இருக்குற ஆளு அவ்ளோதான்" என்றார் அப்பா. "நாம தள்ளவும் வேணாம், இழுக்கவும் வேணாம். தண்ணிய இன்னும் ஒசத்துவோம். அதுவே தள்ளும்."

எல்லாரும் உடனே கடப்பாரையைக் கீழே போட்டார்கள். ஆற்றுக்கே சொந்தக்காரர் சொல்கிறார் இல்லையா. உரச் சாக்குகளில் மண் அள்ளி, ஆற்றுப் பக்கம் போகிற ஓடையில் முக்கால் வாசி அடைத்தார்கள். அப்பா ஒரு குச்சியில் கோடு கிழித்துத் தண்ணீரில் நட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டார். "ஒரு விரல் ஏறியிருக்கு. எழுதிக்கோ" என்றார் என்னிடம். நான் படத்துக்குப் பின்பக்கம் எழுதினேன். "நாலு விரல். எழுதிக்கோ. ஒரு சாண்." பம்ப் ஹவுஸில் தினம் தினம் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. நான்தான், இது நடக்கவில்லை என்றால், அடுத்த பொங்கலுக்கு அந்த ஊருக்குள் எந்த முகத்தோடு போவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் ஒன்றரைச் சாண் ஏறியபோது குழாய் ஒரு தரம் உறுமியது. கீழ்ப்பக்கம் கறுப்பாகச் சேறு கசிந்தது. அப்புறம் 'தொபுக்' என்று ஒரு சத்தம். அந்தக் காட்டாமணக்குப் பொதி மொத்தமாக, வேரும் பூவுமாக வாய்க்காலில் வந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் பாய்ந்தது. மாமா துண்டைச் சுழற்றி வானத்தில் வீசினார். அது திரும்ப வந்து தண்ணீரில் விழுந்து, அவருக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டது.

நான் சைக்கிளில் ஏறினேன். தண்ணீரின் தலையோடு போட்டி போட்டுக்கொண்டு கரையில் பறந்தேன். அந்தத் தலை பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. நுரை, சருகு, வைக்கோல், ஒரு ரப்பர் செருப்பு, வளையை விட்டு ஓடுகிற நண்டுகள், இவற்றையெல்லாம் சுருட்டிக்கொண்டு பழுப்பாக வரும். பள்ளம் வந்தால் நின்று நிரப்பிவிட்டுத்தான் நகரும். அப்போது நானும் காலை ஊன்றிக் காத்திருப்பேன். "வா, வா" என்று அதைக் கூப்பிடுவேன். பள்ளம் நிறைந்ததும் மறுபடியும் கிளம்பும். நானும் கிளம்புவேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை. பின்னாலும் நிறைய இருந்ததில்லை.

ஊர் எல்லையில் என்னைப் பார்த்த பிள்ளைகள் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். அதில் இரண்டு பேர் நேரே மாதா கோயிலுக்குப் போய் மணிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிவிட்டார்கள். வேளைகெட்ட வேளையில் மணி அடித்தால் யாரோ செத்துப்போனதாகத்தான் அங்கே அர்த்தம். பெண்கள் அலறிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். முதலில் வந்தது என் சித்தி. அம்மாவின் தங்கை, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.

"யாருடி போய்ட்டாங்க?" என்று மாரில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரும் போவல சித்தி! தண்ணி வந்துகினு இருக்குது!" என்று கத்தினேன்.

சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் எங்கள் காலடியில் வந்துவிட்டது. மாமாவின் மடை திறந்தே கிடந்தது. உள்ளே போனதும் வெடிப்பு வெடிப்பாக நிலம் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. பின்னாலேயே ஓடிவந்த மாமா, வரப்பில் உட்கார்ந்து, ஒரு கதிரைப் பிதுக்கிப் பால் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

அப்பா கடைசியாக வந்தார், தலையிலிருந்து கால் வரைக்கும் சேறு. சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் நாலு பேர் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மாலைக்கு எங்கே போவது? மாதாவுக்குப் போட்டிருந்த மாலையையே கழற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். அப்பா தோள்மேல் தடுமாறிக்கொண்டு, பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக உண்மையைச் சொல்லப் பார்த்தார். "நான் எதுவும் பண்ணலீங்க. தண்ணி எப்பவும் வந்துட்டுதான் இருந்துச்சு. வெறும் அடைப்புதான். ஆறு என் கையில இல்ல."

"பாத்தியா, செஞ்சிபுட்டும் எவ்ளோ தன்னடக்கமா பேசறாரு" என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. கூட்டம் இன்னும் உயரமாகத் தூக்கியது.

பள்ளி திறந்ததும் என் படத்தை மிஸ்ஸிடம் கொடுத்தேன். பம்ப் அப்படியே இருந்தது. அப்பாவும் இருந்தார். துவைக்கிற பெண்கள், வலைக்காரர், எருமை, காட்டாமணக்கு, குழாய், மணி, எல்லாம் கடல் வரைக்கும் வரிசையாக இருந்தன. நடந்ததைச் சொன்னேன். மிஸ் வெகுநேரம் பார்த்துவிட்டு, அதை வகுப்புப் பலகையில், அமேசானுக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். ஒரு வருடம் முழுக்க அது அங்கே இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது தண்ணீர் வந்த அன்று மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி. சித்தி வீட்டில் கோழி அடித்தார்கள். கூடம் நிறைய ஆண்கள் உட்கார்ந்துவிட்டதால் நான் தட்டோடு வெளியே வந்து, முற்றத்துக் கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டேன். அப்பா இன்னும் மாலையைக் கழற்றாமல் முற்றத்தில் கை கழுவ நின்றார். சித்தி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். அக்காள் புருஷனைக் கேலி செய்வதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏன் மச்சான், எங்க கெணத்துல குனிஞ்சி மொண்டுகினு இருந்த தண்ணிய நீங்க அங்க உறிஞ்சி எடுத்துகினு, பத்து ஊரு சுத்த வுட்டு, எங்களுக்கே திருப்பி குடுக்குறீங்க. அதுக்கு மாலையும் கோழியுமா? நல்ல பொழப்புதான் போங்க."

கூடமே அதிரச் சிரித்தது. மாமா புரையேறிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்புறம் சுத்தமாகிவிட்ட கையையே மறுபடியும் மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றார். எல்லாரையும் விட உரக்கச் சிரித்தது நான்தான். சிரித்துக்கொண்டே, கடித்து முடித்த எலும்பைக் கிணற்றுக்குள் போட்டேன். அது வெகு ஆழத்தில், காய்ந்த சருகின் மேல் போய் விழுந்தது.